பயிற்சி குடுத்த தலைக்கணக்கு போதும், ஒரு வருஷம் கழிச்சு வேலையில நிக்கிற ஆள் கணக்கைச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன், பத்துப் பன்னெண்டு பேர் வேலை பாக்குற இடம்தான், பம்புக்கும் மில் மெஷினுக்கும் ஷாஃப்ட், புஷ், ஃபிளேஞ்ச்னு ஜாப் எடுத்து செஞ்சு குடுக்குறோம். நம்ம பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல அடிக்கடி ஒரு செய்தி வருது, திறன் பயிற்சி முடிச்ச இத்தனை பேருக்கு சான்றிதழ் குடுத்தாங்கன்னு, போட்டோவுல பிள்ளைக வரிசையா நின்னு சர்டிபிகேட்டைத் தூக்கிப் பிடிச்சுருப்பாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அடுத்த வருஷம் அதே பிள்ளைக எங்க இருக்காங்க, என்ன சம்பளம் வாங்குறாங்க, கத்துக்கிட்ட வேலையைத்தான் பாக்குறாங்களா இல்ல டெலிவரி பேக்கை மாட்டிக்கிட்டு சுத்துறாங்களான்னு ஒரு செய்தி வந்து நான் பாத்ததே இல்ல. இந்த லெட்டரை எழுத வச்சதே அதுதான்.

அரசாங்கம் திறன் பயிற்சிக்கு செலவு பண்ணலைன்னு யாரும் சொல்ல முடியாது. மத்திய அரசு 2009-ல கொண்டு வந்த தேசிய திறன் மேம்பாட்டுக் கொள்கையில 2022-க்குள்ள 50 கோடி பேருக்கு பயிற்சின்னு இலக்கு வச்சாங்க. 2015-ல பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாங்குற மத்திய அரசோட திறன் பயிற்சித் திட்டம் வந்துச்சு. நம்ம மாநிலத்துல 2022 மார்ச் 1-ஆம் தேதி நான் முதல்வன் திட்டம் ஆரம்பிச்சாங்க, வருஷத்துக்கு 10 லட்சம் இளைஞர்களை தயார் பண்றதுன்னு சொன்னாங்க. அப்புறம் டாடா டெக்னாலஜிஸ் கூட சேந்து 71 அரசு ஐடிஐ-ல 2,877 கோடி ரூபாய் செலவுல 4.0 தொழில்நுட்ப மையம் வந்துருக்கு, சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி ஓடுற மெஷின்), ரோபோட்டிக்ஸ்னு நம்ம காலத்துல நெனச்சுக்கூட பாக்காத மெஷினெல்லாம் ஏழை வீட்டுப் பையன் கை வைக்கிற இடத்துக்கு வந்திருக்கு. இதை நான் மனசாரப் பாராட்டுறேன்.

ஆனா மேல சொன்னதுல 50 கோடி, 10 லட்சம்னு வர்ற இலக்கைப் பாருங்க, ரெண்டுமே எத்தனை பேருக்கு குடுப்போம்ங்குற கணக்குதான். குடுத்ததுனால அவன் வாழ்க்கையில என்ன மாறுச்சுங்குற கணக்கு இல்ல. 2016-ல மத்திய அரசே போட்ட சாரதா பிரசாத் கமிட்டி இதைத்தான் சொல்லுச்சு, இலக்கை ரொம்பப் பெருசா வச்சுட்டாங்க, எல்லாரும் எண்ணிக்கை பின்னாடியே ஓடுனாங்க, பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கல, தொழில்காரங்களுக்குத் தேவையான ஆளும் கிடைக்கலன்னு. அரசாங்கம் போட்ட கமிட்டியே சொன்ன பிறகு அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

என் பட்டறையில நடக்குறதைச் சொல்றேன், அப்பத்தான் நான் எதுக்கு இவ்வளவு வருத்தப்படுறேன்னு புரியும். வேலை கேட்டு வர்ற பையன்கிட்ட நான் சர்டிபிகேட்டை முதல்ல பாக்குறதில்ல. ஒரு ட்ராயிங்கையும் ஏற்கனவே கடைஞ்சு வச்ச ஒரு ஷாஃப்டையும் கையில குடுத்து, இது ட்ராயிங்படி சரியா இருக்கா பாத்துச் சொல்லுப்பான்னு சொல்லுவேன். பக்கத்துல நுணுக்கமா அளவெடுக்குற வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இருக்கும். வேலை தெரிஞ்ச பையன் முதல்ல ஷாஃப்டைத் துணியால துடைப்பான், மைக்ரோமீட்டரை மூடி ஜீரோ சரியா இருக்கான்னு பாப்பான், அப்புறம் அதோட முனையில இருக்குற ராட்செட் திருகைத் திருப்பி ரெண்டு மூணு இடத்துல அளவு எடுப்பான். ஒரு மாசம் ரெண்டு மாசம் கோர்ஸ்ல சிஎன்சி ஆபரேட்டர்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்த ஒரு பையன், நல்ல பையன், மரியாதையான பையன், மைக்ரோமீட்டரைக் கையில வாங்கிட்டு எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாம அப்படியே நின்னான். சென்டர்ல மெஷின் இருந்துச்சாடான்னு கேட்டா, இருந்துச்சுண்ணே, கம்ப்யூட்டர்லதான் காட்டுனாங்க, மெஷினை ஓட்ட விடலன்னு சொல்றான். அந்த சென்டர் கணக்குல இவன் பயிற்சி முடிச்ச ஆள். மாவட்டக் கணக்குலயும் மாநிலக் கணக்குலயும் ஒரு ஆள். எங்க கணக்குல அவனை முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அவனைத் திட்டி என்ன ஆகப் போகுது, அவன் தப்பு இதுல எங்க இருக்கு? உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வெள்ளன எந்திரிச்சு பஸ் ஏறி டெய்லி சென்டருக்குப் போயிருக்கான், விரல் வச்சு அட்டெண்டன்ஸ் போட்டிருக்கான், சொன்னதெல்லாம் செஞ்சிருக்கான். அவனை ஏமாத்துனது யாருன்னு கேட்டா, அந்த சென்டரை மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. சென்டருக்கு என்ன இலக்கு குடுத்தாங்களோ அதை அவங்க முடிச்சுட்டாங்க. இத்தனை பேரைச் சேக்கணும், இத்தனை பேரைப் பாஸாக்கணும்னு சொன்னா அதைத்தான் செய்வாங்க, பணமும் பெரும்பாலும் அதுக்குத்தான் வருது. பையன் மெஷினை ஓட்டுனானாங்குறதுக்கு அவங்க ஃபார்ம்ல ஒரு கட்டமும் இல்ல, எந்தத் தவணைப் பணமும் அதுக்காக நிக்கல.

இதே ஊர்ல புதூர் ஐடிஐ-ல டர்னர், மெஷினிஸ்ட்னு ரெண்டு வருஷம் முறையா முடிச்சு வந்த பிள்ளைக எங்க சிட்கோவுல எத்தனையோ பட்டறையில ஃபோர்மேனா இருக்காங்க, சில பேர் சொந்தமா லேத் போட்டுட்டாங்க. ஃபைலிங் வைஸ்ல இரும்பை மாசக்கணக்குல ராவி ராவி கை பழகி வந்த ஆளுக அவங்க. அதனால அரசாங்கப் பயிற்சின்னாலே உதவாதுன்னு பேசுறவங்க கூட நான் ஒரு நாளும் ஒத்துப்போக மாட்டேன். நல்லா சொல்லிக் குடுக்குற இடமும் இருக்கு, பேருக்கு நடத்துற இடமும் இருக்கு, ஆனா தலைக்கணக்குல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

கொடுமை என்னன்னா இருந்த அளவுகோலையும் எடுத்துட்டாங்க. கௌசல் விகாஸ் யோஜனாவுல முதல் மூணு கட்டத்துல, அதாவது 2015-16-ல இருந்து 2021-22 வரைக்கும், குறுகிய காலப் பயிற்சி முடிச்சவங்களுக்கு வேலை கிடைச்சுதான்னு கணக்கு எடுத்தாங்க. நாலாவது கட்டத்துல அந்தக் கணக்கை விட்டுட்டாங்க, பயிற்சி முடிச்சவங்க அவங்கவங்களுக்குப் புடிச்ச பாதையைத் தேர்ந்தெடுத்துக்கட்டும்னு காரணம் சொல்றாங்க. புடிச்ச பாதையில போகட்டும், வேணாம்னு யாரு சொன்னா, ஆனா எந்தப் பாதையில போனாங்கன்னு கேட்டு எழுதி வைக்கிறதுல என்ன கஷ்டம்? கிராமப்புறப் பிள்ளைகளுக்குன்னு 2014-ல வந்த தீன்தயாள் உபாத்யாய திட்டத்துல, பயிற்சி முடிச்சவங்கள்ல 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கிக் குடுக்கணும், மூணு மாசமாவது அந்த வேலையில நிக்கணும்னு விதி இருக்கு. அங்க வைக்க முடிஞ்சதை மத்த திட்டத்துலயும் வைக்கலாமே. மூணு மாசம்கூட எனக்குப் பத்தாது, ஏன்னா எங்க தொழில்ல மூணு மாசம்ங்குறது பையன் ஊரைப் பழகுற நேரம், ஒன்பதாவது பத்தாவது மாசம்தான் தெரியும் அவன் நிப்பானா போவானான்னு.

அமெரிக்காவுல இதை எப்படிப் பண்றாங்கன்னு தேடிப் படிச்சேன். அங்க 2014-ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, ஒர்க்ஃபோர்ஸ் இன்னொவேஷன் அண்ட் ஆப்பர்ச்சூனிட்டி ஆக்ட்னு பேரு. அந்தச் சட்டத்துக்குக் கீழ நடக்குற முக்கியமான பயிற்சித் திட்டங்களை ஆறு விஷயத்துல அளக்குறாங்க. பயிற்சி முடிச்சு வெளிய போன ரெண்டாவது காலாண்டுல வேலையில இருக்கானா, நாலாவது காலாண்டுல இருக்கானா, அதாவது கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு, நடுவாந்திரமா என்ன சம்பளம் வாங்குறாங்க, சர்டிபிகேட் வாங்குனாங்களா, படிக்கும்போது திறமை ஏறுச்சா, கடைசியா அந்த ஊர் முதலாளிகளுக்கு இதனால பிரயோஜனம் உண்டா. சர்டிபிகேட்டும் அதுல ஒண்ணு, ஆனா ஆறுல ஒண்ணு. வேலையில இருக்கானாங்குறதை பையன் வாயால கேக்குறதோட நிறுத்துறதில்ல, முதலாளிக வேலையின்மை இன்சூரன்சுக்காக அரசாங்கத்துக்குக் குடுக்குற சம்பளக் கணக்குல இருந்தே எடுத்துக்குறாங்க.

நம்மகிட்ட அது இல்லையான்னா இருக்கு. பிஎஃப் இருக்கு, இஎஸ்ஐ இருக்கு. பயிற்சியில சேரும்போது பையன்கிட்ட சம்மதம் வாங்கிட்டு, ஆறு மாசம் கழிச்சும் ஒரு வருஷம் கழிச்சும் அவன் பேர்ல பிஎஃப் கட்டுறாங்களா, இஎஸ்ஐ கட்டுறாங்களான்னு பாத்தா பாதிக் கணக்கு தானா வந்துரும். பாதின்னு ஏன் சொல்றேன்னா, 20 பேருக்குக் கீழ இருக்குற இடத்துக்கு பிஎஃப் கட்டாயமில்ல, 10 பேருக்குக் கீழன்னா இஎஸ்ஐ-யும் இல்ல, நம்ம மதுரையில பட்டறை, ஒர்க்‌ஷாப், தையல் யூனிட், அப்பளக் கம்பெனி முக்காவாசி அப்படித்தான். டூவீலர் மெக்கானிக் கோர்ஸ் முடிச்சுட்டு செக்கானூரணியில சொந்தமா கடை போட்டவன் எந்த ரெஜிஸ்டர்லயும் வரமாட்டான், ஆனா அவன்தான் நல்லா ஜெயிச்ச ஆள். அவங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேக்கணும், கேக்குறது பயிற்சி குடுத்த சென்டரா இருக்கக்கூடாது, வேற ஆளா இருக்கணும். பரீட்சை எழுதுனவனே பேப்பரைத் திருத்துற மாதிரி ஆகிரும் இல்லைன்னா.

சரி, வேலை கிடைச்ச சதவீதத்தை இலக்கா வச்சுட்டா எல்லாம் சரியாப் போயிருமான்னா அதுவும் இல்ல, இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். அமெரிக்காவுல 1982-ல இதுக்கு முந்தி ஒரு பயிற்சிச் சட்டம் இருந்துச்சு, அதுல வேலை கிடைச்ச கணக்கை வச்சுத்தான் பயிற்சி நடத்துறவங்களை மதிப்பு போட்டாங்க. என்ன ஆச்சுன்னா, சீக்கிரம் வேலை கிடைக்கக்கூடிய ஆளுகளையே பாத்துப் பாத்துச் சேத்துக்கிறாங்க, கஷ்டப்பட்டவங்களைக் கழிச்சு விடுறாங்கன்னு பெரிய குத்தச்சாட்டு வந்துச்சு, ஆராய்ச்சி பண்ணவங்களும் அதைப் பத்தி நிறைய எழுதிருக்காங்க. இங்கயும் அப்படித்தான் நடக்கும், சந்தேகமே வேணாம். டவுனுக்குள்ள இருக்குற, கொஞ்சம் இங்கிலீஷ் பேசுற, டிப்ளமோ முடிச்ச பையனை எடுத்து பயிற்சி குடுத்தா 90 சதவீதம் வேலைன்னு காட்டிரலாம். அவனுக்குப் பயிற்சியே இல்லைன்னாலும் வேலை கிடைச்சிருக்கும். பத்தாவது ஃபெயிலாகி கொட்டாம்பட்டிப் பக்கம் கிரஷர்ல கல்லு தூக்கிக்கிட்டு இருக்குற பையனை யார் சேப்பாங்க? கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்து பத்து வருஷம் கழிச்சு வேலைக்கு வரணும்னு நினைக்கிற பேரையூர் பொண்ணை யார் சேப்பாங்க? கால் ஊனமான பிள்ளையை? இவங்களுக்குத்தான் அரசாங்கப் பணம், மத்தவங்க அவங்களே பாத்துக்குவாங்க.

அதனால இப்ப அமெரிக்காவுல, பயிற்சிக்கு யார் வர்றாங்க, அந்தப் பகுதியில வேலை நிலவரம் எப்படி இருக்குன்னு பாத்து, அதுக்குத் தக்கன இலக்கை ஏத்தியும் இறக்கியும் வைக்கிறாங்க. இங்கயும் அப்படித்தான் வைக்கணும். பத்தாவது முடிக்காதவங்களைச் சேத்து பாதிப் பேரை வேலையில நிலைக்க வைக்கிற சென்டர், டிப்ளமோக்காரங்களைச் சேத்து 90 காட்டுற சென்டரை விட எவ்வளவோ மேல, அதுக்குத்தான் கூட பணம் குடுக்கணும். சேக்கும்போதே இத்தனை பேர் படிப்பை பாதியில விட்டவங்களா இருக்கணும், இத்தனை பேர் மாற்றுத்திறனாளிகளா இருக்கணும்னு தனி இலக்கு இருக்கணும், இல்லைன்னா அவங்க பேரே லிஸ்ட்ல வராது.

பொம்பளைப் பிள்ளைக விஷயத்தைத் தனியாச் சொல்லணும். மகளிர் குழு வழியா எந்த ஊருக்குப் போனாலும் தையல் கிளாஸ்தான். தையல் நல்ல தொழில், குறை சொல்லல, ஆனா ஒரே தெருவுல பதினஞ்சு பேருக்குத் தையல் சொல்லிக் குடுத்தா அந்தத் தெருவுல யார் யாருக்குத் துணி தைக்கிறது? எங்க ஏரியாவுல எத்தனையோ வீட்டுல மெஷின் மேல பழைய சேலையைப் போட்டு மூடி அதுக்கு மேல பிள்ளைகளோட புத்தகப் பையை வச்சிருக்காங்க. செஞ்ச பொருள் சரியா இருக்கான்னு சோதிக்கிற இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு, சிஎன்சி ஓட்டுற வேலைக்கு பொம்பளைப் பிள்ளைக வந்தா நாங்க எடுத்துக்கத் தயாரா இருக்கோம், கை நிதானம் அவங்ககிட்ட ஜாஸ்தி. ஷிப்டு முடிஞ்சு ராத்திரி வீட்டுக்குப் போக பஸ் இருந்தாத்தான் அவங்க வருவாங்க. டவுன் பஸ்ல மகளிருக்கு டிக்கெட் இல்லைங்குறது பெரிய உதவி, அந்த பஸ் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல உள் கிராமத்துக்குப் போகணுமே. பயிற்சிக்கு இலக்கு வைக்கிறவங்க போக்குவரத்துக் கழகத்தையும் கூட உக்கார வச்சு இலக்கு வச்சாத்தான் இது நடக்கும்.

இதெல்லாம் ஆகாத காரியம்னு யாராவது சொன்னா நம்ம ஊரையே காட்டுவேன். 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில கிராமத்துல பிளஸ் டூ முடிச்ச பொண்ணுகளை எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்து அங்கயே வேலைக்கு வச்சுக்குறாங்க. கண்ணுல பவர் பாக்குறதுல இருந்து ஆப்பரேஷன் தியேட்டர்ல டாக்டருக்குப் பக்கத்துல நிக்கிறது வரைக்கும் அந்தப் பொண்ணுகதான். 1992-ல அவங்க ஆரம்பிச்ச அரோலேப்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸைச் செய்யறதுலயும் கிராமத்துப் பொண்ணுகதான் நிறைய, அந்த லென்ஸ் வெளிநாட்டுக்கெல்லாம் போகுது. அவங்களுக்கு எப்படி முடிஞ்சுதுன்னா, எந்த வேலைக்கு ஆள் வேணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அந்த வேலைக்கு எத்தனை பேர் வேணுமோ அத்தனை பேரைத்தான் சேக்குறாங்க, சொல்லிக் குடுக்குறவங்க கண்ணு முன்னாடியே அவங்க வேலையும் பாக்குறாங்க. சரியா சொல்லிக் குடுக்கலைன்னா அடுத்த நாளே தெரிஞ்சுரும். அரசாங்கம் ஆஸ்பத்திரி மாதிரி நேரா வேலைக்கு எடுக்க முடியாதுதான், ஆனா வேலையில இருந்து ஆரம்பிச்சு பயிற்சிக்கு வர்ற அந்த வழியை எடுத்துக்கலாம்.

அந்த வழியில பாத்தா, வேலை பாத்துக்கிட்டே தொழில் கத்துக்குற அப்ரண்டிஸ் முறையை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு தோணுது. 1961 சட்டம். 30 பேர், அதுக்கு மேல இருக்குற இடத்துல மொத்த ஆள்ல 2.5-ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும், எங்கள மாதிரி நாலு பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் வச்சிருக்குறவங்க விருப்பப்பட்டா எடுத்துக்கலாம். அப்ரண்டிஸுக்கு மாசாமாசம் குடுக்குற ஸ்டைபண்டுல நாலுல ஒரு பங்கு, மாசம் 1,500 ரூபாய் வரைக்கும் மத்திய அரசு குடுக்குது. இது எங்க சிட்கோவுல எத்தனை பேருக்குத் தெரியும்னு கேட்டுப் பாருங்க. தெரிஞ்சவங்களும் போர்ட்டல்ல ஏத்தணும், காண்ட்ராக்ட் போடணும், மாசாமாசம் அட்டெண்டன்ஸ் ஏத்தணும்னு கேட்டவுடனே வேணாம்ப்பான்னு விட்டுர்றாங்க, ஆபீஸ் வேலைக்குன்னு தனியா ஆள் வச்சிருக்குற இடமா இது. மாவட்டத்துக்கு ரெண்டு ஆளைப் போட்டு சின்னப் பட்டறைக்கெல்லாம் நேர்ல வந்து இந்தப் பேப்பர் வேலையை முடிச்சுக் குடுத்தா, எங்க ஏரியாவுல மட்டும் எத்தனையோ பையங்க நிஜ மெஷின்ல நிஜ ஜாப்ல கத்துக்குவாங்க. ஆயிரம் பேருக்கு கிளாஸ் எடுத்தோம்னு சொல்றதை விட, இருநூறு சின்னப் பட்டறையில அப்ரண்டிஸ் சேத்தோம்னு ஒரு இலக்கு வச்சா அது எவ்வளவோ பிரயோஜனம்.

மதுரைக்குன்னு தனி இலக்கு வேணும், சென்னையில உக்காந்து எல்லா மாவட்டத்துக்கும் ஒரே அச்சுல வைக்கிற இலக்கு வேணாம். 1911-ல டி.வி.எஸ் ஆரம்பிச்ச ஊர் இது, பஸ்ஸும் ஒர்க்‌ஷாப்பும் நம்ம ரத்தத்துல இருக்கு. இப்ப வெள்ளரிப்பட்டியில டயர், கோச்சடையில பெல்ட்டு, இலந்தைக்குளத்துல ஐடி, வாடிப்பட்டிப் பக்கம் ஜவுளி, ஊரெல்லாம் ஆஸ்பத்திரி, கோயிலுக்கு வர்ற கூட்டத்தை நம்பி ஹோட்டல், லாட்ஜ். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ஆள் வேணும், வேற வேற சம்பளம். இதுல எதுக்கு எத்தனை ஆள் தேவைப்படுதுன்னு வருஷா வருஷம் கேட்டு எழுதுனாத்தான் எந்த கோர்ஸ் எத்தனை சீட்டுன்னு முடிவு பண்ண முடியும். சம்பளத்தையும் சேத்து எழுதணும், ஏன்னா பயிற்சி முடிச்ச பையனுக்கு கூலி வேலைக்குப் போறவனை விடக் கம்மியா குடுத்துட்டு ஆள் கிடைக்கலன்னு பேசுற முதலாளிகளும் எங்கள்ல இருக்காங்க, அதுவும் வெளிய வரட்டும். பெயிண்டிங் வேலைக்குப் போறவன் ஒரு நாளைக்கு வாங்குறதை எங்காளு ரெண்டு நாளைக்கு வாங்குனா அவன் எதுக்கு மைக்ரோமீட்டரைப் பிடிக்கணும்?

மாவட்டத் திறன் குழுன்னு ஒண்ணு கலெக்டர் தலைமையில இருக்கு. கலெக்டர் அவர்களுக்கு உங்க பேப்பர் மூலமா ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். அந்தக் குழு கூட்டத்துக்கு பெரிய கம்பெனி எச்ஆர் ஆளுகளோட, கப்பலூர், புதூர் சிட்கோவுல இருந்து சின்னப் பட்டறைக்காரங்களையும், பயிற்சி முடிச்சு ஒரு வருஷம் ஆன பிள்ளைகள்ல நாலு பேரையும் கூப்பிடுங்க, கூட்டத்தை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வைங்க, காலையில பதினோரு மணிக்கு வச்சா மெஷினை விட்டுட்டு எங்களால வர முடியாது. ரெண்டாவது, மதுரை மாவட்டத்துல அரசுப் பணத்துல பயிற்சி குடுக்குற ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு வரி, யாரைச் சேத்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் வேலையில இருக்காங்க, நடுவாந்திரமா என்ன சம்பளம்னு எழுதி, பிள்ளைக பேர் எதுவும் இல்லாம, புதூர் வேலைவாய்ப்பு ஆபீஸ் போர்டுலயும் பஞ்சாயத்து ஆபீஸ்லயும் ஒட்டுங்க. எந்த சென்டர்ல சேரலாம்னு பையனைக் கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா அதைப் படிச்சுட்டு சேக்கட்டும். முதல் வருஷம் நம்பர் மோசமாத்தான் வரும், பரவால்ல, ஒட்டுங்க.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரர்,
கப்பலூர், மதுரை மாவட்டம்.